உடம்பென்னும் திருக்கோயில்

எல்லாம் வல்ல இறைவன் உயிர்கள்மீது கொண்ட பெருங்கருணையினாலே தந்தருளிய கொடைகளுள் சிறந்தது மானிட உடம்பாகும். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் உயிர்களுக்குக் கூட்டுவிப்பவன் இறைவனே எனச் சைவ சித்தாந்தம் கூறுகின்றது. இவற்றுள் முதலில் வைத்து எண்ணப்படும் தனு என்பது உடம்பே. இவ்வுடம்பைத் துணையாகக் கொண்டே ஆன்மா இறைவனை அறிகின்றது, வழிபடுகின்றது, அவன் திருவடியை நாடிச் செல்கின்றது.

திருமந்திரம் அருளிய திருமூல நாயனார் உடம்பை இறைவன் வீற்றிருக்கும் ஆலயமாகவே கண்டார். முன்னர் இழிவானதென எண்ணிய உடம்பினுள்ளே இறைவன் உறைவதை உணர்ந்தபின், அதனைப் பேணிக் காக்கத் தலைப்பட்டதாக அவர் கூறுகின்றார். சாத்தனூரிலே இறந்து கிடந்த இடையன் மூலனைச் சுற்றி நின்று கதறிய பசுக்களின் துயர் தீர்க்க, அவனுடைய உடம்பினுட் புகுந்தவர் அவர். உடம்பின் அருமையை அவரைவிட அறிந்தவர் யார்?

கல்லாலும் சுதையாலும் அமைந்த ஆலயத்திற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நிகழ்த்துவது மரபு. விமானத்தின் வெடிப்பிலே ஓர் ஆலஞ்செடி முளைத்தால், அது சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுவார்கள். விட்டுவைத்தால் அதன் வேர் கட்டடத்தையே பிளந்துவிடும். நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் இந்த ஆலஞ்செடி போன்றவையே. தொடக்கத்தில் நோவும் தராது, அடையாளமும் காட்டாது. ஆண்டுகள் சென்றபின் கண்ணையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் தாக்கும். இலங்கையில் நிகழும் மரணங்களில் நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்டவை இத்தகைய தொற்றா நோய்களாலேயே ஏற்படுகின்றன. ஆலயத்துச் செடியைக் கண்டவுடன் ஏணி தேடும் அடியார்கள், தம் உடம்பில் முளைப்பதைப் பார்க்க ஆண்டுக்கு ஒருமுறையாவது கிளினிக்கிற்குச் செல்லத் தயங்கலாகாது.

கிராமத்து அம்மன் ஆலயமொன்றில் காலைப் பூசை முடிந்தபின் ஒரு முதியவர் வாடிய முகத்தோடு தூணிற் சாய்ந்திருந்தார். குருக்கள் அருகில் வந்து காரணம் கேட்டார்.

"ஐயா, எனக்குச் சீனி வருத்தமெண்டு சொல்லிப்போட்டினம். இனி என்ன கிடக்கு? மருந்தையும் விட்டிட்டு அம்மாளிலை பாரத்தைப் போட்டிட்டு இருக்கப் போறன்."

"அம்மாளிலை பாரத்தைப் போடுங்கோ, நல்லது. ஆனா அவ தந்த கையையும் காலையும் மடக்கிக்கொண்டு இருக்கச் சொன்னவவோ? டொக்டரும் அவ காட்டின வழிதானே. மருந்தை நேரத்துக்கு எடுங்கோ. நாளைக்கு மோட்டார் சைக்கிளை வீட்டிலை விட்டிட்டு நடந்து வாங்கோ. நந்தவனத்திலை பூக்கண்டுக்குத் தண்ணி விட ஆளில்லாமல் கிடக்கு."

குருக்களின் சொற்கள் சிலவே. எனினும் அவற்றிலே மருத்துவமும் உண்டு, சமயமும் உண்டு. இறைவன்மீது வைக்கும் நம்பிக்கை, முயற்சியைக் கைவிடுவதற்குரிய சாட்டு அன்று.

சைவ சமயத்தார்க்கு விதிக்கப்பட்ட நாளாந்த ஒழுக்கங்களை நோக்கினால் இவ்வுண்மை நன்கு புலனாகும். நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822–1879) தமது சைவ வினாவிடையிலே, வைகறையில் துயிலெழுதல், பல் துலக்குதல், நீராடுதல், அனுட்டானம், உணவு கொள்ளல் என்பனவற்றையும் சமய ஒழுக்கமாகவே விளக்கியுள்ளார். வேளைக்கு உறங்கி வேளைக்கு எழுவது உடம்பிற்கு ஒழுங்கைத் தருகின்றது. நள்ளிரவு கடந்தும் கைத்தொலைபேசியை நோக்கியிருப்பவருக்கு வைகறை எங்கே வாய்க்கும்?

வழிபாட்டிலும் உடம்புக்கு வேலை உண்டு. பிள்ளையார் முன்னிலையில் தோப்புக்கரணம், ஆடவர்க்கு அட்டாங்க நமஸ்காரம், பெண்டிர்க்குப் பஞ்சாங்க நமஸ்காரம், வீதி வலம் வருதல், அடியழித்தல், தேர் வடம் பிடித்தல் என்பன உள்ளத்தோடு உடலையும் இறைபணியில் ஈடுபடுத்துகின்றன. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை பல வாரங்கள் கால்நடையாகச் செல்லும் அடியார்களும் உள்ளனர். வளர்ந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்களேனும் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நாளொன்றுக்கு அரை மணி நேரமாக வாரத்தில் ஐந்து நாட்கள் ஆலயத்திற்கு நடந்து சென்று மீண்டால் அந்தக் கணக்கு நிறைவேறிவிடும்.

உணவு விடயத்திலும் முன்னோர் வழி நல்வழியே. தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பயறு, கௌபி முதலியன வளவிலும் வயலிலும் விளைந்தவை. அவற்றிலுள்ள நார்ச்சத்து, குருதியிற் சீனி விரைந்து ஏறாது தடுக்க உதவுகின்றது. ஆயினும் அளவு முக்கியம். சிவப்பரிசியாயினும் கோப்பை நிறையக் குவித்தால் பயனில்லை. பனங்கட்டியும் இனிப்பே என்பதை நீரிழிவுள்ளோர் மறக்கலாகாது. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாது இருத்தல் வேண்டும். ஊறுகாய், அப்பளம், மிக்சர் என்பவற்றிலுள்ள உப்பும் அக்கணக்கில் அடங்கும். இலங்கையில் விற்கப்படும் மென்பானப் போத்தல்களில் 2016ஆம் ஆண்டு முதல் சீனியின் அளவை உணர்த்தும் நிறக்குறி இடப்படுகின்றது. சிவப்பு நிறம் கண்டால் பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடாதிருத்தல் பெற்றோர் கடன்.

விரதம் என்பது வயிற்றையும் புலன்களையும் அடக்கி மனத்தை இறைவன்பால் நிறுத்துவதாகும். கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருந்து, பாறணையன்று மூன்று நாள் உணவை ஒரே வேளையில் உண்பது விரதத்தின் நோக்கத்துக்கு மாறானது. நீரிழிவுக்கு மாத்திரை எடுப்போரும் இன்சுலின் ஏற்றுவோரும் வைத்தியரைக் கேளாமல் உபவாசம் இருத்தல் ஆபத்தானது. குருதியிற் சீனி மிகக் குறைந்து மயக்கம் ஏற்படலாம். உயிருக்கும் கேடு நேரலாம். அத்தகையோர் உரிய வேளையில் அளவாக உண்டு, புறங்கூறாமையையும் கோபங்கொள்ளாமையையும் விரதமாகக் கொள்ளலாம். முருகப்பெருமான் அதனையும் உவந்து ஏற்பான்.

உடல் நலத்துக்கு அடிப்படை மனநலம். இதற்குத் திலகவதியார் வரலாறே சான்று. பெற்றோர் மறைந்தனர், மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் துறந்தார். வாழ்வே இருண்ட வேளையிலும் தம்பி மருணீக்கியார் பொருட்டு அவர் உயிர் தாங்கினார். அத்தம்பியும் சமணம் சார்ந்து பிரிந்தபோது, திருவதிகைக் கோயிலிலே திருவலகிட்டு மெழுகி, மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். சூலை நோயால் துடித்து வந்த தம்பியை ஏசவில்லை. திருநீறு அளித்து இறைவன் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். நோய் தீர்ந்த தம்பியே திருநாவுக்கரசர். நோய் தீர்ந்ததென்று அவர் ஓய்ந்திருந்தாரா? இல்லை. உழவாரப்படை ஏந்தி ஊரூராகச் சென்று கோயில் வீதிகளிலே புல் செதுக்கினார். முதுமையிலே திருப்புகலூரிலும் அப்பணியைத் தொடர்ந்தார். அங்கே உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்னியபோது, அவற்றைப் பருக்கைக் கற்களோடு வாரிக் குளத்தில் எறிந்தார். நல்லதையே எண்ணிக் கைத்தொண்டிலே நிலைத்து நின்றவரைத் துன்பமும் அசைக்கவில்லை, செல்வமும் அசைக்கவில்லை.

இழப்புகளைச் சுமந்து நிற்கும் இல்லங்கள் இம்மண்ணிலே பல உள்ளன. மனச்சோர்வால் உணவையும் உறக்கத்தையும் மருந்தையும் கைவிட்டோர் அயலில் இருக்கக்கூடும். அவர்களைப் பூசைக்கு அழைத்து வருவதும், அருகிலிருந்து இரு வார்த்தை பேசுவதும், தேவையாயின் வைத்தியரிடம் கூட்டிச் செல்வதும் திலகவதியார் காட்டிய தொண்டேயாகும். திருவிழாக்கால அன்னதானத்தில் சிவப்பரிசிச் சோறும் ஓர் இலைக்கறியும் இடம்பெறுவதும், தண்ணீர்ப் பந்தலில் சர்க்கரைத் தண்ணீரோடு உப்புக் குறைந்த மோரும் வைப்பதும் உபயகாரர்கள் எளிதில் செய்யக்கூடியவை.

தூணிற் சாய்ந்திருந்த அம்முதியவர் இப்போது பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே ஆலயத்திற்கு வருகின்றார். மருந்து தொடர்கின்றது, கிளினிக் கொப்பியும் கையில் உண்டு. வருத்தம் முற்றாக நீங்கிவிடவில்லை. ஆனால் அவர் நீர் வார்த்த செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் நாள்தோறும் அம்மன் திருவடியை அடைகின்றன. அவர் முகத்தில் வாட்டம் இல்லை.

கற்கோயிலில் விளக்கேற்றுவதோடு, உடம்பென்னும் திருக்கோயிலையும் தூய்மையாகப் பேணி, நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் பெற்று அடியார்கள் யாவரும் இனிது வாழ எல்லாம் வல்ல அம்பாள் திருவருள் பாலிப்பாளாக.