எழுத்தின் மேல் விழும் புள்ளி

ஒரு மனிதனின் உடல்நலத்துக்கு யார் பொறுப்பு? அவனா, அவனைப் பெற்றவர்களா, அவர்கள் வாழ நேர்ந்த காலமா? கேள்வி பழையது. விஞ்ஞானம் இப்போது அதைப் புதிய உருவில் நம்முன் வைத்திருக்கிறது.

சிறு குழாயில் எச்சிலை அனுப்பினால் போதும், உங்கள் உடலில் மெதைலேற்றம் எப்படி நிகழ்கிறதென்று சொல்லிவிடுகிறோம் என வெளிநாட்டு நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. வசதியுள்ள நம்மவர் சிலரும் அதை நாடுகின்றனர்.

மெதைலேற்றம் என்பது என்ன? பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு ஓர் உவமை எளிது. 'க' என்பதன் மேல் புள்ளி வைத்தால் 'க்' ஆகிறது. எழுத்து அதுவேதான், ஒலி அடங்கிவிடுகிறது. டி.என்.ஏ.யில் சைற்றோசின் என்னும் எழுத்தின்மீது மெதைல் கூட்டம் ஒட்டிக்கொள்வதும் ஏறத்தாழ இப்படித்தான். பரம்பரையலகு மாறுவதில்லை, பல சமயங்களில் அதன் செயல் அடங்குகிறது. இப்புள்ளிகளை இடுவதற்குப் போலேற்றும் பி12 விற்றமினும் உதவுகின்றன. கீரையிலும் பருப்பிலும் போலேற்று உண்டு. முட்டையிலும் மீனிலும் பி12 உண்டு.

ஆனால் விற்கப்படும் சோதனைகளிற் பல, புள்ளிகளைப் படிப்பதே இல்லை. போலேற்றைக் கையாளும் எம்.ரி.எச்.எஃப்.ஆர். என்ற பரம்பரையலகின் வேறுபாட்டையே பார்க்கின்றன. அவ்வேறுபாட்டைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவருக்கும், அது அறவே இல்லாதவருக்கும் ஒரே அளவு போலிக் அமிலம் கொடுத்தால், முன்னவரின் குருதியில் போலேற்று 16 வீதமளவே குறைகிறது. பரம்பரையலகைவிட உட்கொள்ளும் அளவே முக்கியம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம். எங்கள் லயத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர் தரும் சிறிய போலிக் அமில மாத்திரை எந்த எச்சிலையும் கேட்பதில்லை.

உண்மையிலேயே புள்ளிகளைப் படித்த ஆய்வொன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியரின் தடையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது. அப்போது கருவானவர்களின் ஐ.ஜி.எஃப்.2 என்ற பரம்பரையலகில், அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும், அவர்களது உடன்பிறப்புகளைவிட மெதைலேற்றம் குறைந்திருந்ததை 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். தாய் உண்ணாத சோறு பிள்ளையின் உடலில் பதிவாகியிருந்தது.

மலையகத்துக்கு இது புதிய செய்தியா? 1973-74 உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட சிறார் நாடு முழுவதிலும் 17 வீதம். தோட்டத்துறையில் 32 வீதம்.

எனது அச்சம் இங்கேதான் தொடங்குகிறது. "இதுகளுக்குப் படிப்பு ஏறாது சேர், பரம்பரையே அப்படித்தான்" என்ற பேச்சை ஆசிரியர் அறைகளில் கேட்டிருக்கிறேன். நாளை இதே பேச்சு விஞ்ஞான வேடம் பூண்டு, "பட்டினி இவர்களின் பரம்பரையலகிலேயே பதிந்துவிட்டது" என்று வரக்கூடும். தலையெழுத்து என்ற பழைய பூட்டுக்குப் புதிய சாவி செய்வதாகவே அது முடியும்.

அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அது கண்டது ஒரு கூட்டத்தின் சராசரி வேறுபாட்டை. தனியொரு பிள்ளையின் விதியை அல்ல. புள்ளிகள் எல்லாம் நிரந்தரமும் அல்ல. புகைப்பதை விட்டவர்களிடம் புகையால் மாறிய மெதைலேற்றம் பல இடங்களில் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புவதைக் கண்டிருக்கிறார்கள்.

உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம் என்கிறோம். அதைப் பேணுவது நமது கடமை, மறுப்பில்லை. ஆனால் கொழுந்துக் கூடையைச் சுமக்கும் கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள அமானிதத்துக்கு அவள் மட்டுமா பொறுப்பாளி? அவளுக்குக் கூலி தருபவர், அரிசிக்கு விலை வைப்பவர், அவள் பறித்த தேயிலையைக் குடிப்பவர் எல்லோரும் அந்த எழுத்தின்மேல் புள்ளி வைக்கிறார்கள்.

சோதனைக் குழாய் 'நீ' என்று மட்டுமே பேசுகிறது. 'நாம்' என்று பேசவேண்டியது சமூகம். வசதியுள்ளவர் சோதித்துப் பார்க்கட்டும். அது அவரது உரிமை. காலையில் வெறுந்தேத்தண்ணீரோடு வகுப்புக்கு வரும் பிள்ளையைப் பொறுத்தவரை சோதித்தறிய எதுவுமில்லை. அதற்கு என்ன வேண்டுமென்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தபின் செய்யாதிருப்பதற்கு எந்தப் பரம்பரையலகையும் நாம் காரணம் காட்ட முடியாது.