தானத்தில் குறை காணலாமா?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பர். ஒருவர் மனமுவந்து அளித்த பொருளில் குறை தேடுவது நன்றியின்மை என்பது இதன் கருத்து. ஆயின் பல்லைப் பார்த்தே தீரவேண்டிய தானமும் உலகில் உண்டு. திறந்த மூல மென்பொருள் என வழங்கப்படுவது அத்தகைய ஒன்று.

கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பை மறைத்து வைக்காமல், எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை தந்து வெளியிடுவதையே இப்பெயர் குறிக்கும். 1991இல் தோன்றிய லினக்ஸும் அதே ஆண்டில் வெளிவந்த பைதானும் இவ்வகையின. லினக்ஸுக்கு உழைப்போரில் மிகப் பலர் இன்று நிறுவனங்களில் ஊதியம் பெறுவோரே. எனினும் பெரிய அமைப்புகள் நம்பியிருக்கும் சிறு மென்பொருள்கள் பல, ஓரிருவர் தம் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றிக் காத்து வருபவை. அவற்றில் ஒரு குறை இருப்பின் அது முகமறியாத எண்ணற்றோரைத் தாக்கும். இணையவழிச் செய்திகளை மறைத்து அனுப்ப உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் புகுந்த பிழையொன்று 2014 ஏப்ரலில்தான் உலகுக்குத் தெரிந்தது. ஒருவர் எழுதினார், மற்றொருவர் சரிபார்த்தார். இருவர் கண்ணிலும் அது படவில்லை. ஆகவே இங்கே குறை கூறுவோர் மிகுதியாகத் தேவை. ஆனால் கூலி பெறாத ஒருவரிடம் எவ்வாறு குறை கூறுவது? அவர் ஏன் அதைக் கேட்க வேண்டும்? இவ்வினாக்களைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

முதலில் பிழை வேறு, வடிவமைப்பின் குறை வேறு என்பதை உணர வேண்டும். கூட்டல் தவறாயின் சரியான விடையைக் காட்டினால் போதும், எவரும் வாதிடார். சமையலறையை வீட்டின் பின்புறம் அமைத்தது தவறு என்று கூறுவதோ அவ்வாறு மெய்ப்பிக்கத் தக்கதன்று. கூறுபவரின் பட்டறிவும் விருப்பமும் அதில் கலந்தே நிற்கும். அன்றியும், கட்டிக் குடிபுகுந்தவரிடம் அதனைக் கூறினால், அவர் பல மாதம் உழைத்த உழைப்பையே இடிக்கச் சொல்வதாகும். எனவே வடிவமைப்பில் குறை காண்பவர் காரணத்தையும் உடன் கொண்டுவரக் கடமைப்பட்டவர். இயன்றால் அடித்தளம் இடும் பொழுதே வந்துவிட வேண்டும்.

இதற்கு 1992 ஜனவரியில் நடந்த வாதம் ஒன்று நல்ல சான்று. ஆம்ஸ்டர்டாம் நகரப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், லினக்ஸ் காலங்கடந்த வடிவமைப்பு என்று பலரும் படிக்கும் பொதுவிடத்தில் எழுதினார். கணினியை ஆளும் மையப் பகுதியாகிய கெர்னலைச் சிறு கூறுகளாகப் பிரிக்காமல் ஒரே பாறைபோல் அமைத்தது ஒரு குறை. ஒரே வகைச் சில்லுக்கு அதனைக் கட்டிப்போட்டது மற்றொரு குறை என்றார். லினஸ் டார்வால்ட்ஸ் அப்பொழுது ஹெல்சிங்கியில் பயின்ற 22 வயது மாணவர். பேராசிரியர் ஆக்கிய மினிக்ஸைக் கொண்டே இக்கலையை அறிந்தவர். அவர் முதலில் சினந்து மறுமொழி எழுதினார். பின்னர் தம் சொல்லின் கடுமைக்கு வருத்தம் தெரிவித்தார். கெர்னல் அமைப்பைப் பற்றிய தம் கொள்கையை மட்டும் கைவிடவில்லை. சில்லு பற்றிய குறையோ நாளடைவில் நீங்கிற்று. இன்று லினக்ஸ் கைக்கடிகாரம் முதல் மீக்கணினி வரை பலவகைச் சில்லுகளில் இயங்குகின்றது. தம் மாணவராக இருந்திருந்தால் இவ்வடிவமைப்புக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைத்திராது என்றும் பேராசிரியர் எழுதியிருந்தார். ஆசிரியப் பணியிலேயே வாழ்நாளைக் கழித்த நமக்கு இவ்விடம் சற்று உறுத்துகிறது. காரணங்கள் வலுவாக இருக்கும்பொழுது மதிப்பெண் எதற்கு?

ஆசிரியப் பயிற்சியில் விமர்சன வகுப்பு என்று ஒன்று உண்டு. ஒருவர் பாடம் நடத்த, உடன் பயில்வோர் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெழுதுவர். கரும்பலகையின் அடிப்பகுதி கடைசி வரிசைக்குத் தெரியவில்லை என்ற குறிப்பு மறுநாளே பயன்பட்டது. இவருக்குக் கற்பிக்க வராது என்ற குறிப்பால் எந்த எழுத்தும் பெரிதானதில்லை. நூலாசிரியர் கொள்ளத்தக்க எழுவகை மதங்களுள் பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதலையும் நன்னூலார் ஒன்றாக வைத்தார். நூலின் குற்றம் என்றாரேயன்றி நூலோனின் குற்றம் என்றாரில்லை.

இவ்வெல்லை லினக்ஸ் உலகிலேயே பன்முறை மீறப்பட்டது. உடன் உழைப்போரைப் பல ஆண்டுகளாகக் கடுஞ்சொற்களால் தாக்கிவந்த டார்வால்ட்ஸ், 2018 செப்டம்பரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் விலகியிருந்தார். அக்டோபரில் மீண்டும் பொறுப்பேற்றார். நடத்தை நெறி ஒன்றும் அச்செப்டம்பரிலேயே ஏற்கப்பட்டது. கடுமை இருந்ததால்தானே தரம் காக்கப்பட்டது என்று வாதிடுவோர் உளர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. தரத்தைக் காத்தது தகாததை மறுத்த உறுதி. வசை அதற்கு என்ன துணை செய்தது? வசைக்கு அஞ்சித் தம் திருத்தத்தை அனுப்பாமலே இருந்தவரை எவரும் கணக்கிட்டதில்லை. ஊதியம் பெறாதவரைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. அவர் சொல்லாமலே போய்விடுவார்.

இனிக் கேட்பவரின் நிலை. பைதான் மொழியை ஆக்கிய கைடோ வான் ராசம் என்பவருக்கு 'அருளுள்ள வாழ்நாள் சர்வாதிகாரி' என்ற வேடிக்கைப் பட்டம் உண்டு. முக்காற்புள்ளியும் சமன்குறியும் சேர்ந்த ஒரு சிறு குறியீட்டை மொழியில் சேர்ப்பதா வேண்டாவா என்று பெரும் பூசல் எழுந்தது. அவர் அதனை ஏற்று முடிவு செய்தார். உடனே, 2018 ஜூலையில், தலைமையிலிருந்து விலகினார். ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடவும், தம் முடிவைப் பலர் வெறுப்பதைக் காணவும் இனி மனமில்லை என்பது அவர் கூறிய காரணம். நல்லெண்ணத்தோடு வரும் ஒரு குறையைத் தாங்குவது எளிது. அதையே நூறுபேர் நூறுமுறை கூறின் எவ்வளவு பொறுமையாளரும் சோர்வர். புதிய குறை கூறுவதற்கு முன் பிறர் கூறியதைப் படிக்கும் பொறுமை கூறுபவருக்கும் வேண்டாவா?

இவ்வகையில் பைதான் அன்பர்களின் வழக்கமொன்று நமக்கு மிகவும் பிடித்தது. புதிய வடிவமைப்பை முன்மொழிபவரே அதற்கு எழுந்த மாற்றுக் கருத்துகளையும் பதிந்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. தள்ளப்பட்ட யோசனைகளும், தள்ளியதற்கான காரணங்களும் முன்மொழிவிலேயே இடம்பெறும். கேட்பவர் இணங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. கேட்டேன், இன்ன காரணத்தால் கொள்ளவில்லை என்று எழுதிவைத்தால் போதும். அதன்பின்னும் மனம் ஒப்பாதவர், முழுத் தொகுப்பையும் எடுத்துக்கொண்டு தம் வழியில் கட்டிக்கொள்ளலாம்; உரிமம் அதற்கு இடம் தருகிறது. மாறாக, பல இரவுகள் விழித்து எழுதி அனுப்பிய திருத்தத்திற்கு ஆம் என்றும் இல்லை என்றும் மறுமொழியே தராமல் மாதக்கணக்கில் கிடத்துவது வசையினும் கொடிது என்போம்.

டானன்பாமும் டார்வால்ட்ஸும் கெர்னல் அமைப்பில் கடைசிவரை ஒத்த கருத்தினர் ஆகவில்லை. ஆயினும் 2004இல், லினக்ஸ் அம்மாணவர் தாமே எழுதியதன்று, மினிக்ஸிலிருந்து எடுத்ததாக இருக்கலாம் என்ற பழியை ஒருவர் கிளப்பியபொழுது, அது பொய் என்றும், லினக்ஸை எழுதியவர் டார்வால்ட்ஸே என்றும் முன்வந்து எழுதியவர் அப்பேராசிரியர்தாம். வடிவமைப்பைப் பற்றிய தம் பழைய கருத்தில் அவர் அப்பொழுதும் மாறவில்லை.