விதைக்கும்போதே ஒரு முடிவு

பனமலைப் பக்கத்து விவசாய வீடுகளில் பணம் மாதச் சம்பளமாக வருவதில்லை. நெல்லோ மல்லாட்டையோ (நிலக்கடலை) விற்ற அன்று மொத்தமாக வரும். அதற்கு முன்பே அதற்கான செலவுகள் வரிசையில் நிற்கும். மிச்சம் இருந்தால் சேமிப்போம் என்ற நினைப்பு தோற்பது அங்கேதான். மன உறுதியைக் குறை சொல்லிப் பயனில்லை. கைக்கு வந்ததை விடுவது எவருக்கும் வலிக்கும்.

ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வலிக்கு வழி கண்டது. இப்போது எதுவும் தர வேண்டாம், அடுத்த ஊதிய உயர்வில் ஒரு பங்கை ஒதுக்க மட்டும் இன்றே சம்மதியுங்கள் என்று அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களிடம் கேட்டார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது.

நம் வீடுகளில், விற்று வரும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கும் சம்மதத்தை விதைக்கும் நாளிலேயே பேசி முடிக்கலாம். அந்தப் பங்கைப் போட்டு வைக்கத் தபால் நிலையத்துப் பொது வருங்கால வைப்பு நிதி (பி.பி.எஃப்.) கணக்கு உதவும்; அதற்கு மாதத் தவணை கட்டாயமில்லை. ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடிருக்கும். பணத்தைப் பூட்டி வைக்கும் அதன் 15 ஆண்டுக் கெடுவைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் அதன் பெரிய பலம். மருத்துவத்துக்கும் அடுத்த விதைக்கும் வேண்டிய பணத்தை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள்.