எலியா உண்ட அப்பம்



இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் எலியா சாவைக் கேட்கிறார். அரசி ஈசபேலுக்கு அஞ்சி ஓடி, பாலைநிலத்தில் ஒரு நாள் முழுவதும் நடந்து, சூரைச்செடியின் அடியில் படுத்துவிடுகிறார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நம்பிக்கை குறைந்துவிட்டது என்று குற்றம் சாட்டவும் இல்லை. தூதரை அனுப்பி உண்ண வைக்கிறார்: சூட்டில் வெந்த அப்பம், ஒரு குவளைத் தண்ணீர். எலியா உண்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதரும் மறுபடியும் வந்து எழுப்புகிறார். அதற்குப் பிறகே ஓரேபு மலைக்கான நாற்பது நாள் நடை.

அந்த நடை இறைவல்லமையால் ஆனது. ஆனாலும் அவ்வல்லமை ஓர் உடலைத் தேடி வந்தது. அந்த உடலைப் படைத்தவரும் கடவுளே. உடலுக்குள் அப்பம் என்னவாகிறது? மாவு செரித்துக் குளுக்கோஸாகி, இரத்தத்தில் கலந்து, செல்களுக்குள் போகிறது. சர்க்கரையை நெருப்பிலிட்டால் அதன் ஆற்றல் முழுவதும் ஒரே சூடாக வெளியேறிவிடும். செல் அப்படி எரிப்பதில்லை. ஆறு கார்பன் உள்ள குளுக்கோஸைப் பத்துப் படிகளில், மூன்று கார்பன் உள்ள இரண்டு பைருவேட்டுகளாகப் பிரிக்கிறது. செல்லிலுள்ள மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகளுக்குள் அவை ஒரு சுழற்சி வழியாக மேலும் சிதைந்து, கார்பன் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. நாம் இழுத்த மூச்சிலிருந்த ஆக்சிஜன் கடைசியில் எலக்ட்ரான்களை ஏற்றுத் தண்ணீராகிறது. இப்படிப் படிப்படியாக வெளிப்படும் ஆற்றலில் ஒரு பகுதி ஏ.டி.பி. என்ற மூலக்கூறில் சேர்கிறது. ஒரு குளுக்கோஸுக்கு ஏறத்தாழ 30.

இந்தப் பாதையின் நடுவிலுள்ள சுழற்சியை 1937இல் விளக்கியவர் ஹான்ஸ் கிரெப்ஸ். யூதர் என்பதற்காக 1933இல் ஜெர்மனியில் வேலை பறிக்கப்பட்டு, இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தவர். எலியாவின் மக்களில் ஒருவர், எலியாவைப் போலவே விரட்டப்பட்டவர்.

என்னை மிகவும் தொடுவது ஒன்று உண்டு. ஏ.டி.பி.யைச் சேர்த்து வைக்க முடியாது. வேகமாக ஓடும்போது தசையிலுள்ள இருப்பு சில வினாடிகளுக்கே போதும். உடனே புதிதாக உண்டாக்கியாக வேண்டும். நேற்று உண்டாக்கிய ஏ.டி.பி.யைக் கொண்டு இன்று நிற்க எந்தச் செல்லாலும் முடியாது. ஆண்டவர் நமக்குக் கற்றுத்தந்த செபத்திலும் அன்றாட உணவைத்தானே கேட்கிறோம்?

நம் பங்கில் படுக்கையில் கிடக்கும் பெற்றோரை, கணவரை, பிள்ளையைக் கவனித்துக்கொள்பவர்கள் இருக்கிறீர்கள். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வந்து, “சாமி, எனக்குச் சலிப்பாக இருக்கிறது” என்பதைப் பாவமாகச் சொல்கிறீர்கள். அது பாவமல்ல. உங்கள் இரத்தத்திலுள்ள சிவப்பணுவைப் பாருங்கள். உடல் முழுவதற்கும் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் அதற்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது. சுமக்கும் ஆக்சிஜனில் தன் ஆற்றலுக்கென்று எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு குளுக்கோஸிலிருந்து இரண்டே ஏ.டி.பி. பெற்று, ஏறத்தாழ 120 நாள் ஓடுகிறது. ஆனால் அந்தக் குளுக்கோஸும் கிடைக்காவிட்டால் அதுவும் சிதைந்துபோகும். பிறருக்காகவே சுமப்பவருக்கும் உணவு வேண்டும்.

ஆகவே களைத்திருப்பவர்கள் களைப்போடே நற்கருணைக்கு வாருங்கள். வீட்டுக்குப் போனதும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் அப்படிக் கவனித்துக்கொள்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் ஒருவேளைச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், அவர் சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து எழும்வரை நோயாளியின் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருங்கள்.