பெயிண்ட் படக்கூடாத இடங்கள்

பழைய லேத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையில், டப்பாவைத் திறப்பதற்கு முந்தைய கட்டம்தான் எனக்கு நெருக்கமானது. துருவை எடுத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்ததும் வார்ப்பிரும்பு சாம்பல் நிறத்தில் அமைதியாக நிற்கும். அப்போது ஒவ்வொரு துளையாகத் தேடிப்போய் அடைக்க வேண்டும். போல்ட் ஏறும் மரைத்துளை, டவல் பின் இறங்கும் துளை, எண்ணெய் விடும் துளை, டெயில்ஸ்டாக்கின் கூம்புத்துளை. பெயிண்ட் எங்கே பட வேண்டும் என்பது பார்த்தாலே தெரிந்துவிடும். எங்கே படக்கூடாது என்பதை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திருவான்மியூரில் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த பெரியவர், பெருங்குடி தொழிற்பேட்டையில் டர்னராக இருந்தவர். நான் பச்சையா சாம்பலா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, “கலர அப்புறம் பாத்துக்கலாம்பா, மொதல்ல ஓட்டைய எண்ணு” என்றார்.

எண்ணி, ஒவ்வொரு பாகத்தையும் காகிதத்தில் வரைந்து, துளை இருக்கும் இடத்தில் புள்ளி வைக்கிறேன். அடைத்ததை எல்லாம் பிறகு எடுத்தாக வேண்டுமே.

*

பெயிண்டின் தடிமன் அற்பமாகத்தான் தோன்றும். காய்ந்த எனாமல் ஒரு கோட்டுக்கு முப்பது, நாற்பது மைக்ரான் இருக்கும். ரெட் ஆக்சைடு ஒரு கை, மேலே இரண்டு கை என்றால் சுமார் 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. சமதளத்தில் அது ஒன்றுமில்லை. மரைக்குள் கதை வேறு. மரையின் பக்கங்கள் சரிவானவை. 60 டிகிரி மரையில் பூச்சு எவ்வளவு தடிமனோ, அதைப்போல நான்கு மடங்கு மரையின் விட்டம் குறுகிவிடும். கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர் போய்விட்டால், போல்ட் இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும்.

மரை வெட்டும் டேப்பை ஓட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகும், சரியான டேப்பாக இருந்தால். இந்தியா மெட்ரிக் அளவுக்கு மாறச் சட்டம் வந்தது 1956இல். அதற்கு முந்தைய இயந்திரங்களிலும், அதன் பிறகு பல ஆண்டுகள் வரை வந்தவற்றிலும் பெரும்பாலும் விட்வொர்த் மரைதான் இருக்கும். ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த 55 டிகிரி மரை அது. மூணு நூல் (3/8 இஞ்சு) போல்ட்டில் விட்வொர்த்துக்கும் அமெரிக்க யுஎன்சி மரைக்கும் இஞ்சுக்கு 16 என்ற கணக்கு ஒன்றே, யுஎன்சியின் கோணம் மட்டும் 60. தவறான டேப் முரண்டு பிடிக்காமல் உள்ளே போகும். பெயிண்டோடு சேர்த்துப் பழைய மரையின் தோளையும் சீவிக்கொண்டு வரும். யாரோ ஒருவர் பொறுமையாக வெட்டிய மரை அது. அதனால் அடைப்பதே மேல்.

*

நான் இப்போது புதுப்பிக்கும் லேத்தின் ஏப்ரானில் கரும்பச்சைப் பெயிண்ட் கனமாகப் படிந்திருந்தது. சுரண்டும்போது ஓரிடத்தில் பிளேடு லேசாக அமுங்கியது. அடியில் ஒரு சிறு துளை, கடலை மணி அகலம்கூட இல்லை. எண்ணெய்த் துளை. முன்பு எப்போதோ பெயிண்ட் அடித்தவர் அதன் மேலேயே பிரஷை இழுத்துப் போயிருக்கிறார். பிரித்துப் பார்த்தபோது உள்ளே புஷ் வரிவரியாகக் கீறியிருந்தது. வெண்கலத் தூள் பழைய பிசினோடு கலந்து கறுத்துக் கிடந்தது. தினமும் இரண்டு சொட்டு எண்ணெய் கேட்ட இடம். கேட்டும் கிடைக்காமல் எத்தனை வருடம் சுற்றியதோ. இயந்திரம் வலிக்கிறது என்று சொல்வதில்லை. சத்தம் மாறும், சுற்றுவது கனமாகும், அவ்வளவுதான். அந்தப் பளபளப்பான பச்சையைப் பார்த்து யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

*

அடைக்க என்ன வைக்கலாம்? சிறு துளைகளுக்குப் பஞ்சுபோல நசுங்கும் காதடைப்பான் அருமை. உருட்டி நுழைத்தால் உள்ளே விரிந்து கவ்விக்கொள்கிறது. பெரிய துளைக்குச் சீவிய கார்க். மரைத்துளைக்குத் தலையில்லாத கிரப் ஸ்க்ரூ, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி. தலையுள்ள போல்ட்டைப் போட்டால், தலைக்கும் பரப்புக்கும் நடுவே பெயிண்ட் பாலம் கட்டிக்கொள்ளும். கழற்றும்போது சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும். எண்ணெய்த் துளையில் மட்டும் வேஸ்ட் துணியைத் திணிக்கவே கூடாது. ஒரு நூலிழை உள்ளே தங்கினாலும் போதும், வழி அடைபட.

*

கடற்கரைக்கு இவ்வளவு அருகில் இன்னொரு சங்கடம். கடைந்த பரப்பை எண்ணெய் தடவாமல் ஒரு ராத்திரி விட்டால், காலையில் செம்மை பூத்திருக்கும். உப்புக்காற்று தூங்குவதில்லை. எண்ணெய் தடவினாலோ மாஸ்கிங் டேப் ஒட்டாது. கசிந்த எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் விலகிக் குழிகுழியாகிவிடும். எனவே லேத் பெட்டின் நடுவில் எண்ணெய்க் காகிதம், ஓரத்தில் மட்டும் தின்னரால் துடைத்துவிட்டு டேப். இந்த டேப்பை 1925இல் 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ உருவாக்கினார், இரட்டை நிறக் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து. ஒட்ட வேண்டும், கேட்டதும் விட்டுவிடவும் வேண்டும். நம் வெயிலில் நாள்கணக்கில் விட்டால் பசை இறுகிவிடுகிறது. பெயிண்ட் முழுதாகக் காய்வதற்குள், விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் உரித்துவிட வேண்டும். அப்போதுதான் விளிம்பு கிழியாது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை எடுப்பதில்லை. ஈரக் காற்றில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் பால்போல வெளுத்துப்போகும்.

*

கல்லூரி வாசல்களிலும் பூங்காக்களிலும் பழைய இயந்திரங்களைப் பார்க்கிறேன். எண்ணெய்க் கிண்ணம், திருகு, பெயர்ப்பலகை எல்லாவற்றின் மேலும் ஒரே வெள்ளிப் பெயிண்ட். அவை இனி ஓடப்போவதில்லை என்று அடித்தவர் முடிவு செய்துவிட்டார். மாறாக, 1855இல் செய்த இஐஆர் 21 என்ற நீராவி எஞ்சின், ஜமால்பூரில் நூறாண்டு காட்சிப்பொருளாக நின்றுவிட்டு, பெரம்பூர் லோகோ பணிமனையில் புதுப்பிக்கப்பட்டு 2010இல் தண்டவாளத்தில் ஓடியது. ஓட வைப்பது என்று தீர்மானித்த பிறகு பெயிண்ட் அடிப்பதன் பொருளே மாறிவிடுகிறது. ஒவ்வொரு துளைக்கும் வேலை திரும்பி வருகிறது.

பெயர்ப்பலகையைப் பற்றியும் எழுத வேண்டும். பித்தளைத் தகட்டில் ஊரும் எண்ணும் பொறித்திருக்கும். திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களில் இப்படிப்பட்ட எழுத்துகள் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் போயின. பூசியவர்கள் கோயிலைச் சுத்தமாக வைக்கத்தான் நினைத்தார்கள். தகட்டின் விளிம்போடு பிளேடால் டேப்பை வெட்டும்போது அது நினைவுக்கு வந்து கை நிதானமாகிறது.

*

பெட்டின் பின்புறம் ஒரு துளை மிச்சம் இருக்கிறது. தயாரித்த இடத்தில் போட்டதல்ல, பிற்பாடு யாரோ ஒரு தொழிலாளி போட்டது. மூணு நூல் மரை, நேராகவும் சுத்தமாகவும் வெட்டியிருக்கிறார். கூலண்ட் குழாய்க்கோ விளக்குத் தண்டுக்கோ இருக்கலாம். பட்டி வைத்து மூடிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும் என்று நண்பர் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. மரையில் மட்டும் துளி கிரீஸ் தொட்டு ஒரு கிரப் ஸ்க்ரூவை இறக்கி, அதைச் சுற்றிப் பெயிண்ட் அடித்தேன். இந்த லேத் எனக்குப் பிறகு இன்னொருவர் கைக்குப் போகும். அவருக்கு அந்த இடத்தில் ஒரு விளக்கு தேவைப்படலாம்.