ஏர் நின்ற ஊர்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் குன்றுகளிடையே வார்ரம் பெர்சி என்றோர் ஊர் இருந்தது. இன்று கூரையற்ற புனித மார்ட்டின் தேவாலயம் அங்கு நிற்கின்றது. பிரபுக்களின் மாளிகையும் குடியானவர் வீடுகளும் புல் மூடிய மேடுகளாயின.

1348-49ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயே ஊரை அழித்தது என்று கருதுவோர் பலர். அஃது உண்மையன்று, நோய்க்குப் பின்னும் மக்கள் அங்கு உழுது வாழ்ந்தனர். பின்னர் உழவைவிட ஆட்டுக் கம்பளி மிகுந்த ஆதாயம் தந்தது. 1500ஆம் ஆண்டையொட்டி, எஞ்சிய நான்கு குடும்பங்களை நிலவுடைமையாளர் வெளியேற்றினார். நான்கு வீடுகள் இடிந்தன, நான்கு ஏர்கள் நின்றன என்பது 1517ஆம் ஆண்டின் அரசு விசாரணையில் பதிவாயிற்று.

எவரும் கொல்லப்படவில்லை. நிலமும் அவருடையதே. ஆயினும் இஃது இம்சை அன்றோ? கொல்லாமையை உயிர் பிரியாமை என்ற அளவிற்குச் சுருக்கிக்கொண்டால், அன்று என்போர் கூற்றே வெல்லும். உழவனின் ஏரைப் பறித்துவிட்டு, அவன் உயிரை விட்டுவைத்ததை அருள் என்று எங்ஙனம் ஏற்பது? ஆடுகள் மீது பழியில்லை. அவை மேய்ந்தன, அவ்வளவே. செய்தவர் பிரபு, செய்வித்தது ஆதாயம். உடன்பட்டவர் யாவர்? கம்பளி உடுத்திய தொலைதூர நகரத்தார். அவர்கள் இவ்வூரின் பெயரையும் அறியார். அறியாமை பழியைக் குறைக்கும். முற்றும் நீக்குமோ என்பதில் எனக்கு ஐயமே.

தேவாலயச் சுவரைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். மக்கள் பெருகிய காலத்தில் பக்கக்கூடங்களைக் கட்டினர். குறைந்தபோது அவற்றை இடித்து, வளைவுகளைக் கல்லால் அடைத்தனர். அவ்வடைப்பு இன்றும் தெளிவாகத் தெரிகின்றது. ஊர் போன பின்னும் அண்டை ஊரார் அங்கு வந்து தொழுதனர். இறுதி வழிபாடு 1949ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பத்தாண்டு கழித்து மணிக்கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது.