எல்லைக் கோட்டில் நிற்கும் உயிர்

உயிர்களுள் பெரிது எது, சிறிது எது என்னும் வினாவிற்கு உலகம் பெரும்பாலும் கண்ணளவிலேயே விடை காண்கிறது. யானை பெரிது, எறும்பு சிறிது, கண்ணுக்குப் புலப்படாதது கணக்கிலேயே இல்லை. நம் முன்னோர் இவ்வளவுகோலை ஏற்கவில்லை. உடம்பின் பருமையை விடுத்து, அறியும் ஆற்றலைக் கொண்டே உயிர்களை வகுத்தனர். தொல்காப்பியத்தின் மரபியல், புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றும் நத்தை, சிப்பி போன்றவற்றை ஈரறிவுயிர் என்றும் கூறி, மக்களை ஆறறிவில் நிறுத்துகிறது. உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரமும் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என ஒவ்வொரு பொறியாக ஏறிச் செல்லும் வரிசையைக் காட்டுகிறது.

இவ்வரிசை ஏட்டளவில் நிற்கும் வகைப்பாடு அன்று. இல்லறத்தாருக்குரிய அணுவிரதத்தின் எல்லை இதன்மீதே வரையப்பட்டுள்ளது. துறவியர் மகாவிரதத்தால் எல்லா உயிர்களுக்கும் ஊறு செய்யாமையை மேற்கொள்கின்றனர். இல்லறத்தாரோ, ஈரறிவு முதலாகிய இயங்கும் உயிர்களை அறிந்து கொல்லாமையை ஏற்று, ஓரறிவுயிர்களிடத்தே தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யாது வாழ்கின்றனர். ஆகவே ஓரறிவுக்கும் ஈரறிவுக்கும் இடையே உள்ள கோடு, நம் அன்றாட ஒழுக்கத்தின் கோடும் ஆகும். அக்கோட்டின்மீதே ஓர் உயிர் நிற்குமாயின் நாம் அதனை எவ்வாறு கருதுவது?

அத்தகைய உயிர் ஒன்று உண்டு. 1883ஆம் ஆண்டில் ஆஸ்திரியா நாட்டுக் கிராட்ஸ் நகரில், கடல்நீர்த் தொட்டி ஒன்றில் வாழ்ந்த அதனைப் பிரான்ஸ் எய்ல்ஹார்ட் ஷூல்ட்சே என்னும் விலங்கியல் அறிஞர் கண்டறிந்து, டிரைக்கோபிளாக்ஸ் அதீரென்ஸ் எனப் பெயரிட்டார். ஒட்டிக்கொள்ளும் மயிர்த்தட்டு என்பது அப்பெயரின் பொருள். வெப்பக் கடல்களின் ஆழமற்ற நீரில், கல்லின்மீதும் பாசியின்மீதும் அது வாழ்கிறது. அதன் குறுக்களவு இரண்டு மூன்று மில்லிமீட்டர். கனமோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பில்லை, தசையில்லை. முன்புறம், பின்புறம் என்னும் வேறுபாடும் இல்லை. மேற்புறமும் கீழ்ப்புறமுமே உண்டு. மனித உடலில் நூற்றுக்கணக்கான வகை உயிரணுக்கள் இருக்க, இவ்வுயிரில் 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கண்ட வகைகள் ஆறே ஆறு.

இவ்வளவு எளிய உடம்பு செய்யும் செயலோ எளியது அன்று. கீழ்ப்புறத்திலுள்ள நுண்ணிய இழைகள் துடிக்க, அது மெல்ல ஊர்ந்து செல்கிறது. நுண்பாசியின் மேல் வந்ததும் நின்றுவிடுகிறது. பாசியைத் தொட்டடுத்த உயிரணுக்கள் மட்டும் ஒருவகைச் சுரப்பை வெளியிட, பாசி உடைந்து கரைகிறது. கரைந்ததைக் கீழ்ப்புறத்தாலேயே உறிஞ்சிக்கொண்டு, உணவு முடிந்தபின் மீண்டும் புறப்படுகிறது. அதன் விளிம்பை அடுத்துள்ள சில உயிரணுக்களில் சுண்ணச் சத்தாலான சிறு படிகம் ஒன்று உண்டு. மேல் எது, கீழ் எது என்று அறிய அப்படிகமே துணைசெய்கிறது என 2018ஆம் ஆண்டில் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

இதனை எப்படியில் வைப்பது? நா இல்லை என்பதால் ஓரறிவு என்பதா? தானே ஊர்ந்து, உணவையும் உணவல்லாததையும் பிரித்தறிவதால் ஈரறிவு என்பதா? வாயே இல்லாத ஒன்றுக்குச் சுவை உண்டா? எப்பக்கம் வைத்தாலும் மறுபக்கத்திலிருந்து ஒரு மறுப்பு எழுகிறது.

ஐயம் எழுந்த இடத்தில் அவசரத் தீர்ப்பு என்ன செய்யும் என்பதை இவ்வுயிரின் வரலாறே உணர்த்துகிறது. 1907ஆம் ஆண்டில் குரும்பாக் என்னும் அறிஞர், இது தனி விலங்கே அன்று, ஜெல்லி மீன் இனத்தைச் சார்ந்த வேறொரு விலங்கின் உருமாறிய இளவுயிரே என்று எழுதினார். அக்கருத்து நிலைத்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அறிஞருலகம் இதனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1960களில் மீண்டும் ஆராயப்பட்ட பின்னரே, 1971இல் கார்ல் கிரெல் என்னும் செருமானிய அறிஞர் இதற்கெனத் தட்டுயிரிகள் என்னும் பொருள்படும் தனித் தொகுதி ஒன்றை வகுத்தார். 2008ஆம் ஆண்டில் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டபோது ஏறத்தாழ 11,500 மரபணுக்கள் காணப்பட்டன. பிற விலங்குகளில் நரம்புகளின் பணிக்கு உதவும் மரபணுக்கள் பலவும், நரம்பே இல்லாத இவ்வுயிரில் இருந்தன. விலங்குகளின் குலமரத்தில் கடற்பஞ்சு முதலில் கிளைத்ததா, சீப்பு ஜெல்லி முதலில் கிளைத்ததா, இத்தட்டுயிரி யாருக்கு நெருங்கிய உறவு என்னும் வழக்குகள் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இவற்றையெல்லாம் எங்கள் ஆகமங்கள் அன்றே சொல்லிவிட்டன என்று பெருமை பேசுதல் எளிது. அறிவியல் கூறுவது உடம்புகளின் வழிமுறை. ஓர் உடம்பிலிருந்து மற்றோர் உடம்பு தோன்றிக் கிளைத்த கதை. ஆகமங்கள் கூறுவது வினைக்கேற்ப நான்கு கதிகளிலும் பிறந்துழலும் உயிரின் பயணம். இரண்டையும் ஒன்றாகக் குழைப்பது இரண்டிற்கும் நேர்மை ஆகாது. நுண்ணோக்கி நமக்கு அறத்தைக் கற்பிக்கவில்லை. அறம் செல்ல வேண்டிய இடங்களைக் காட்டுகிறது.

அறம் அங்கே கூறுவது யாது? ஐயத்தின் பயன் உயிரின் பக்கமே சேரவேண்டும் என்பதே. ஏட்டில் செய்த பிழை அடுத்த பதிப்பில் திருத்தப்படும். குரும்பாக்கின் கருத்தும் அவ்வாறே திருத்தப்பட்டது. ஒழுக்கத்தில் செய்த பிழைக்கு அடுத்த பதிப்பு இல்லை. இதற்கு அறிவில்லை என்று துணிந்து அழித்த உயிரை, அறிவுண்டு என்று தெரிந்தபின் மீட்க இயலாது. இரண்டறிவு என்று எண்ணிக் காத்த ஒன்று ஓரறிவாகவே இருந்தாலும் நமக்கு இழப்பு யாதுமில்லை.

அப்படியானால் மூச்சு விடுவதும் நீரில் இறங்குவதும் பாவமன்றோ என்று சிலர் வினவலாம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இதற்கு விடை தருகிறது. பிரமாதத்தால், அதாவது கவனமற்ற செயலால், பிராணனைப் போக்குதலே இம்சை என்பது அதன் கருத்து. எனவே அறம் நம்மிடம் இயலாததைக் கேட்கவில்லை, கவனத்தையே கேட்கிறது. ஆனால் அறிவு வளர வளரக் கவனத்தின் எல்லையும் வளர்கிறது. தெரியாதிருந்தபோது பொறுக்கப்பட்டது, தெரிந்தபின் பொறுக்கப்படுவதில்லை.

நம் இல்லங்களில் நீரை வடிகட்டிப் பருகும் வழக்கத்தை எண்ணிப் பார்ப்போம். வடித்த துணியை அலசி, அந்நீரை எடுத்த நீர்நிலையிலேயே மீளச் சேர்க்க வேண்டும் என்பது மரபு. நம் வயிற்றுக்குள் உயிர் செல்லாதிருந்தால் போதும் என்று பெரியோர் கருதவில்லை. அவ்வுயிர் தன் இருப்பிடம் சேர வேண்டும் என்றும் கருதினர். கிணறும் குளமும் இருந்த நாளில் அது எளிது. இன்று குழாயைத் திறந்து வாழும் நாம், நம் வீட்டுக் கழிவுநீர் எங்கே செல்கிறது என்று கேட்பதில்லை. சோப்புத் தூளும், எஞ்சிய எண்ணெயும், பூச்சிக்கொல்லியும் கால்வாய் வழியே ஆற்றையும், ஆற்றின் வழியே கடலையும் சேர்கின்றன. அங்கே கல்லிலும் பாசியிலும் ஒட்டி வாழ்வனவற்றுக்கு வாயில்லை; ஓலமிடும் குரலும் இல்லை.

அவற்றின் அறிவு ஒன்றா இரண்டா என்று அறிஞர்கள் ஆராயட்டும். அவர்கள் முடிவு கூறும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. துணியை அலசி நீரைத் திருப்பி ஊற்றிய கைகளின் வழியில் வந்தவர்கள் நாம். அக்கவனத்தை அடுக்களைத் தொட்டியிலிருந்து கடல்வரை நீட்டுவது நம் தலைமுறைக்குரிய கடமையாகும்.